எந்தத் தெருவில் குடியிருக்கப் போகிறீர்கள்?

திண்டுக்கல் துறவு இல்லங்களில் பயிற்சி பெறும் இளந்துறவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பிரதர்களே, சிஸ்டர்களே,

இந்த மடலை ஆயருக்கோ மாநிலத் தலைவர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் தலையில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் கணக்கு வழக்குகளும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் இன்னும் எந்தப் பொறுப்பிலும் அமரவில்லை. நவதுறவகத்தில் இருக்கிறீர்கள், அல்லது முதல் வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மனம் திறந்து யோசிக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

2022 மே 15 அன்று வத்திக்கானில் பத்துப் பேர் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். நம் கோயில்களில் அன்று வெடி வெடித்தது தேவசகாயத்துக்காக. நட்டாலத்தில் பிறந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். நம் மண்ணின் பொதுநிலையினர் ஒருவருக்குக் கிடைத்த பெருமை. நாம் பூரித்ததில் தவறே இல்லை. ஆனால் அதே நாளில், அதே பீடத்தில், சார்லஸ் தெ ஃபுக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் புனிதராக்கப்பட்டார். அவரைப் பற்றி நம் பங்குகளில் எத்தனை பேர் பேசினார்கள்? உங்கள் இல்லத்தில் பேசினார்களா?

ஃபுக்கோ பணக்கார வீட்டுப் பிள்ளை, படை அதிகாரியாக இருந்தவர். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அல்ஜீரியப் பாலைவனத்தில் தமன்ராசெட் என்ற சிற்றூரில், துவாரெக் முஸ்லிம்களுக்கு நடுவே குடியேறினார். அவர்கள் மொழியைக் கற்று அதற்கு அகராதி தொகுத்தார். பெரிய பள்ளி கட்டவில்லை, ஊரை மனந்திருப்பவும் இல்லை. 1916 டிசம்பர் 1 அன்று அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிரோடிருந்தபோது அவரோடு சேர்ந்து வாழ ஒருவரும் நிலையாக வரவில்லை. 1933இல் ரெனே வொயோம் தொடங்கிய இயேசுவின் சிறிய சகோதரர்களும், 1939இல் மக்தலேன் தொடங்கிய இயேசுவின் சிறிய சகோதரிகளும் அவர் வழியில் வந்தவர்கள். அந்தச் சகோதரிகள் இரண்டு மூன்று பேராகத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். நாடோடிகளோடும் சர்க்கஸ்காரர்களோடும்கூட வண்டிகளில் வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் செய்யும் வேலையையே தாங்களும் செய்கிறார்கள். அவர்கள் துறவுப்பணி என்று கருதுவது அந்த அக்கம்பக்க உறவைத்தான்.

தேவசகாயம் செய்ததாக அவர் காலத்து மேல்சாதியார் கண்ட குற்றங்களில் ஒன்று, எல்லாச் சாதியாரோடும் வேறுபாடில்லாமல் பழகினார் என்பது. ஆக, இரண்டு பேருமே தாங்கள் பிறந்த வட்டத்தை விட்டு வெளியே போய்ப் பழகியவர்கள். ஒருவருக்குக் கொடியேற்றிவிட்டு மற்றவரை மறந்தோம். கொடியேற்றியவரிடமிருந்தாவது கற்றுக்கொண்டோமா என்று பார்த்தால், அதுவும் இல்லை.

நம் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் என்ன கேட்கிறோம்? பெயர் கேட்கிறோம். அடுத்து, "எந்தத் தெருவுல இருக்கீங்க?" தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், வருமானம் தெரிந்துவிடும், வீட்டுக்குள் கூப்பிடலாமா, திண்ணையோடு அனுப்பலாமா என்பதும் முடிவாகிவிடும். இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? "இன்ன இல்லத்தில் இருக்கிறேன்." அந்தப் பதிலோடு கேட்டவர் எழுந்து நின்றுவிடுவார். நீங்கள் எந்தத் தெருவையும் சேர்ந்தவர் இல்லை. கேட்டுக்கு உள்ளே இருப்பவர். மரியாதை கிடைக்கும், உறவு கிடைக்காது.

நம் மறைப்பணியின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பரங்கியர் வாழ்க்கையை உதறி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாகத் தனிக்குடில் அமைத்தார். ஆனால் அந்த வாழ்க்கை முறை அவரை மேல்சாதியாரோடு கட்டிப்போட்டது. ஒடுக்கப்பட்டவர்களின் தெருவுக்கு அவரால் வெளிப்படையாகப் போக முடியவில்லை. அதனால் 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியாக இறங்கினார். பண்டாரம் என்றால் எல்லாரிடமும் போகலாம், பழகலாம். 1693இல் ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தரும் பண்டார சுவாமியாகத்தான் நம் ஊர்களில் நடந்தார். அவர்கள் செய்தது முழுக்கச் சரி என்று நான் வாதாட வரவில்லை. சாதியை அவர்கள் உடைக்கவில்லை, அதற்கு ஏற்றபடி தங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஒரு துறவி எங்கே தங்குகிறார், யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் இந்த நாட்டு மக்கள் அவர் யாருக்கானவர் என்று முடிவு செய்கிறார்கள்.

நானூறு ஆண்டுகளாகியும் மக்கள் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்குப்படி இன்று நீங்கள் யாருக்கானவர்கள்?

திருச்சபை இந்த ஊருக்குச் செய்ததை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். செயின்ட் மேரிஸ் பள்ளியில் படித்துத் தலை நிமிர்ந்த குடும்பங்கள் இந்த நகரில் எத்தனையோ. புனித வளனார் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளும் அப்படியே. சிஸ்டர்கள் நடத்திய பள்ளிகள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் எழுத்துக்கூட்டக் கற்றிருக்க மாட்டார்கள். அந்தக் கடன் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நிறுவனம் வளர வளர, ஏழை உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் ஏதோ ஒன்றைக் கேட்டு வருபவராகவே ஆகிவிட்டார். அட்மிஷன் கேட்டு, பீஸைக் குறைக்கச் சொல்லி, சிபாரிசுக் கடிதம் கேட்டு. நீங்கள் அவர் வீட்டுக்குப் போவது எப்போது? மந்திரிப்புக்கு, சாவுக்கு, கணக்கெடுப்புக்கு. சும்மா போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர யாருக்கும் நேரமில்லை.

2020 ஊரடங்கில் எங்கள் வளவுக்கு ஒரு வேனில் அரிசி வந்தது. நல்ல அரிசி, பருப்பு, எண்ணெய். வரிசையில் நிற்கவைத்து, பெயரும் ரேஷன் கார்டு எண்ணும் எழுதிக்கொண்டு, பையோடு படம் எடுத்தார்கள். அன்றைக்கு அது வராவிட்டால் சில வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் பையை வாங்கி வந்த ஒரு பெரியம்மா சொன்னதை நீங்கள் கேட்டாக வேண்டும். "எம் பேர எழுதிக்கிட்டாக. அதுக்கப்புறம் அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல." அவர் குறை சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

எங்கள் வளவு என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வந்திருப்பீர்கள். ஒரு நடை, இரு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ், நடுவில் ஒரு குழாய். குழாயில் வருவது உப்புத்தண்ணி. நல்ல தண்ணி பல நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் எந்நேரம் என்று சொல்ல முடியாது. ஆத்தூர் அணையிலிருந்தும் பேரணையிலிருந்தும் இந்த நகரத்துக்குத் தண்ணீர் வந்தும், வளவில் குடம் வரிசை குறைந்ததில்லை. நடுராத்திரியில் தண்ணி வந்தால், எழுந்திருக்க முடியாத கிழவியின் குடத்தைப் பிடித்து வைப்பது பக்கத்து வீட்டுக்காரிதான். விடியும் முன்னே மில் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். வேடசந்தூர்ப் பக்க நூற்பாலைகளுக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஓடுவார்கள். நாகல்நகர்ப் பக்கம் போனால் பூட்டுப் பட்டறை ஒன்றிரண்டில் இன்னமும் அரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி வெட்டத் தெரிந்தவரின் மகன் இன்று சரக்கு இறக்கும் வேலைக்குப் போகிறான்.

மாலையில் குழு லோன்காரர் வருவார். பெண்கள் ஒரு வீட்டு வாசலில் வட்டமாக உட்கார வேண்டும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்களும் எழுந்து போக முடியாது. கட்ட முடியாதவள் தலை குனிந்திருப்பாள். மற்றவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பதும் நூறுமாகச் சேர்ப்பார்கள். போதாவிட்டால் ஒரு வீட்டு மிக்ஸி அடகுக்குப் போகும். இதெல்லாம் எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் வராது. உங்கள் சமூகப்பணி மையத்துக்கு வந்து ஒரு பெண் இதைச் சொல்லவும் மாட்டாள், வெட்கம் விடாது. அந்த நேரத்தில் அந்த வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் மட்டுமே தெரியும். அந்த லோன்காரரும், ஒரு சிஸ்டர் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் பேசும் தொனியை மாற்றிக்கொள்வார்.

இந்த ஊரின் தோல் ஷாப்புகளை எண்ணிப் பாருங்கள். பேகம்பூரைச் சுற்றிச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று, கால் வெந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதப்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் பங்குகளில் பலர். அவர்களை 1940களில் சங்கமாகத் திரட்டியவர்கள் ஏ. பாலசுப்பிரமணியம் போன்ற கம்யூனிஸ்டுகள். டி. செல்வராஜ் அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை 'தோல்' நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அந்தத் தலைவர்கள் சேரிக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்தார்கள் என்பதை எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் போன அதே பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

நம் சபையைச் சேராத ஒருவரையும் சொல்ல வேண்டும். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் என்ற அமெரிக்கர், சீர்திருத்தச் சபை மிஷனரி. பங்களா வாழ்க்கையை விட்டு, கதர் உடுத்தி, எளிய மக்களோடு வாழ்ந்தார். காந்தியோடு நின்றதற்காக ஆங்கில அரசு அவரை நாட்டை விட்டே வெளியேற்றியது. விடுதலைக்குப் பிறகு திரும்பி வந்து, காந்திகிராமத்தையும் ஒட்டன்சத்திரத்தையும் தன் ஊராக்கிக்கொண்டார். உங்கள் இல்லத்திலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் நடந்த வாழ்க்கை அது. படிக்க ரோமாபுரிவரை போக வேண்டியதில்லை.

அன்னை தெரசாவையும் நினைத்துப் பாருங்கள். கல்கத்தா எண்டாலியில் லொரெட்டோ மடத்தின் மதிலுக்கு அடுத்தே மோத்திஜீல் சேரி இருந்தது. மதிலுக்கு உள்ளே நல்ல ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்தார். 1948இல் மதிலைத் தாண்டி அந்தச் சேரிக்கு வந்து, மண் தரையில் குச்சியால் எழுத்து எழுதிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். உலகம் அறிந்த அவர் பணி அங்கிருந்துதான் தொடங்கியது. நடுவில் இருந்தது ஒரு மதில்தான்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும்.

ஏழைக்கு வேண்டியது வேலையும் கல்வியும் மருந்தும்தானே, நாங்கள் போய்ப் பக்கத்தில் குடியிருந்தால் அவர் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். நிறையாது. ஆனால் எந்த வேலை, எந்தக் கல்வி, எந்த மருந்து என்பதை யார் முடிவு செய்வது? மதிலுக்குள் இருந்து தீட்டிய திட்டங்கள் எத்தனை வந்து போயின! நிதி வரும்வரை ஓடி, நிதி நின்றதும் நின்றன. தண்ணி வரிசையில் நின்றவர் தீட்டும் திட்டம் வேறு மாதிரி இருக்கும். பள்ளி வேண்டாம், மருத்துவமனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றை நாளை நடத்தப்போகும் நீங்கள், அதற்கு முன் ஏழைகளுக்கு நண்பர்களாகி வாருங்கள் என்கிறேன்.

வறுமையில் என்ன அழகு, நாங்கள் வேடம் போட்டதாக ஆகாதா என்றும் கேட்பீர்கள். வறுமையில் அழகு ஒன்றுமில்லை. அதில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம், அவர்கள் போக முடியாது என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டாம். அவர்களிடமே சொல்லுங்கள். ஆனாலும் இருங்கள்.

மதமாற்றம் என்று சொல்வார்களே என்ற பயம் நியாயமானது. காலம் அப்படி இருக்கிறது. ஆனால் மக்கள் சந்தேகப்படுவது மதிலையும் வேனையும் பட்டியலையும் பார்த்துத்தான். குழாயடியில் தினமும் பார்க்கும் முகத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. பேகம்பூரில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கும் இந்துக் குடும்பத்துக்கும் நடுவே நீங்கள் குடியிருந்தால், ரம்ஜானுக்கு நோன்புக்கஞ்சி வரும், பொங்கலுக்குப் பொங்கல் வரும், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுப்பீர்கள். ஃபுக்கோ பாலைவனத்தில் தேடிய வாழ்க்கை அதுதான்.

சிஸ்டர்களின் பாதுகாப்பைப் பற்றிச் சபைத் தலைவியர் கவலைப்படுவார்கள். அந்தக் கவலையை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் வளவில் கதவைத் தட்டினால் பத்துக் கதவு திறக்கும். மில் வேலை முடிந்து இருட்டில் திரும்பும் பெண்களுக்கு எது பாதுகாப்பாக இருக்கிறதோ, அதுவே உங்களுக்கும் இருக்கும். போதவில்லை என்றால், அது அந்தப் பெண்களுக்கும் போதவில்லை என்று உங்களுக்கு அப்போது புரியும், சேர்ந்து கேட்கலாம்.

இது யாரோ வெளியாள் கிளப்பும் புதுக் கோரிக்கையும் இல்லை. 1965 நவம்பர் 16 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், உரோமையின் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் ஏறக்குறைய நாற்பது ஆயர்கள் கூடி உடன்படிக்கை செய்தார்கள். வீடு, உணவு, போக்குவரத்து எல்லாவற்றிலும் சாதாரண மக்களைப்போலவே வாழ்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். இயேசு சபையின் 32ஆம் பொதுப் பேரவை 1975இல் நிறைவுற்றபோது, விசுவாசப் பணியும் நீதிக்கான உழைப்பும் பிரிக்க முடியாதவை என்று சொன்னது. ஏழைகளோடு நடக்கச் சொன்னது. இயேசு சபை நவதுறவியருக்கு இஞ்ஞாசியார் காலத்திலிருந்தே, கையில் காசில்லாமல் நடந்து பிச்சையேற்கும் திருப்பயணச் சோதனை உண்டு. அதில் போய் வந்தவர்களுக்கு ஒரு தட்டுச் சோற்றின் அருமை தெரியும். ஆனால் அது வழிப்போக்கனாகப் பெறும் அனுபவம். நான் கேட்பது குடியிருப்பவராக வாருங்கள் என்று.

நம் ஊரிலேயே ஒரு நாள் இது நடக்கத்தான் செய்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில், மக்கள் நேர்ச்சையாகக் கொடுத்த அரிசியும் ஆடும் கோழியும் ஒரே உலையில் சேர்கின்றன. எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காமல் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து அந்த அசனத்தைச் சாப்பிடுகிறார்கள். யார் கொடுத்த அரிசி யார் இலையில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் முடிவதை ஓர் ஆண்டு முடித்துக் காட்ட உங்களால் முடியும்.

ஆகவே என் வேண்டுகோளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வோர் இல்லத்திலிருந்தும் மூன்று பேர், பயிற்சியின் ஒரு பகுதியாக, பன்னிரண்டு மாதம் நகரத்துக்குள் ஒரு வளவில் வாடகைக்குக் குடியிருங்கள். வீட்டைச் சுற்றி வாழ்பவர்களின் வருமானத்துக்குள் செலவு செய்யுங்கள். உடம்பு இடம் கொடுத்தால் அவர்கள் போகும் வேலைக்கே போங்கள், வெங்காய மண்டிக்கோ பூ மார்க்கெட்டுக்கோ மில்லுக்கோ. வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம். பட்டியல், படம், திட்டம் எதுவும் வேண்டாம். அந்த ஒரு வருடத்தில் யாருக்கும் நிதி வாங்கிக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் அளவுக்குக் கொடுங்கள், அவர் வாங்கும் அளவுக்கு வாங்கவும் செய்யுங்கள். கைமாற்றாக ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டுப் போங்கள். உங்களிடமும் ஒருவர் தயங்காமல் கேட்டு வருவார்.

தெருவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா அம்மா பார்க்க வந்தால் எந்தத் தெருவுக்குள் நுழையத் தயங்குவார்களோ, அந்தத் தெருவில் பிடியுங்கள். அவர்களும் உள்ளே வந்து, அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகட்டும். சாதி பற்றி நீங்கள் வைக்கும் நூறு மறையுரையால் நடக்காதது அன்றைக்கு நடக்கும். நீங்களே அந்தத் தெருவில் பிறந்தவர் என்றால், அதை மறைக்காமல் அங்கேயே வந்து இருங்கள். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அது பெரிய தெம்பு.

ஆண்டு முடிந்து உங்கள் இல்லத்துக்குத் திரும்பும்போது, பார்த்ததைத் தலைவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை, எந்த வாசலில் எந்தப் பெண் தலை குனிந்தாள், நம் வளாகத்துக்குள்ளேயே கூலி வேலை பார்ப்பவர் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்று பெயரோடும் தொகையோடும் சொல்லுங்கள். நாளை நீங்களே அந்த நாற்காலிகளில் உட்காரும்போது அந்தப் பெயர்கள் உங்களோடு வரும்.

பொதுநிலையினராகிய நாங்கள் சும்மா இருந்துகொண்டு உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. வீடு பார்த்துத் தருகிறோம். வீட்டுக்காரரிடம் நாங்களே பேசுகிறோம். அட்வான்ஸ் எல்லாரும் கொடுப்பதுதான், உங்களுக்கென்று தள்ளுபடி கேட்க மாட்டோம். தண்ணி வந்தால் உங்களையும் எழுப்பிவிடுகிறோம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறோம். உங்களை சாமி என்றும் அம்மா என்றும் தள்ளி நிறுத்தாமல், தம்பி என்றும் அக்கா என்றும் கூப்பிடப் பழகிக்கொள்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டம் உங்கள் இல்லங்களில் விரைவில் தயாராகும். அதற்கு முன் உங்கள் பயிற்றுநரிடம் போங்கள். தனியாகப் போகாமல் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். முதல் தடவை மறுத்தால் மறுபடியும் கேளுங்கள். இந்த மடலை வேண்டுமானால் கையில் எடுத்துப் போங்கள்.

அன்போடும் உரிமையோடும்,
திண்டுக்கல் மறைமாவட்டப் பொதுநிலையினர் ஒருவர்